மடிக்கணினி ஏற்காத ஹார்டு டிஸ்க்: சங்க அலுவலகங்கள் கவனிக்க வேண்டியவை

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி அதன் கணக்கேயாகும். அங்கத்தினர் செலுத்திய பங்குத்தொகை, சிக்கன நிதியில் சேர்ந்த பணம், நெசவாளருக்கு அளந்து கொடுத்த நூல், அவர் நெய்து தந்த உருப்படி, விவசாயி பெற்ற பயிர்க்கடன் ஆகிய இவையெல்லாம் எழுத்தில் இருக்கும் வரையில்தான் சங்கத்தின் சொல்லுக்கு மதிப்புண்டு. முன்னாளில் இவை பேரேட்டிலும் நாள்வழியிலும் எழுதப்பெற்று மரப் பீரோவில் இருந்தன. அவற்றிற்குக் கறையானும் மழை ஒழுக்கும் பகை. இன்றோ பெரும்பாலான சங்கங்களில் கணக்கு கணினிக்குள் புகுந்துவிட்டது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணினி வழிப்படுத்தும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. மையக் கணினியில் ஏறும் கணக்குகள் போக, தீர்மானங்கள், பழைய பேரேடுகளின் படங்கள், கூலிப் பட்டியல், சேலைக் கரைகளின் வடிவங்கள் முதலியவற்றின் பிரதிகளைக் கைக்கு அடக்கமான ஹார்டு டிஸ்கிலும் பென் டிரைவிலும் நாம் வைத்திருக்கிறோம்.

தணிக்கை நாளன்று அந்த ஹார்டு டிஸ்கை மடிக்கணினியில் சொருகுகிறோம். திரையில் ஒன்றும் தோன்றவில்லை. அலுவலகம் பரபரப்படைகிறது. ஒருவர் இழுத்து இழுத்துச் சொருகுகிறார். மற்றொருவர் திரையில் கேட்கும் கேள்விக்கெல்லாம் "ஆம்" என்று அழுத்துகிறார். உண்மையில் நஷ்டம் பெரும்பாலும் இந்தப் பரபரப்பினால்தான் நேருகிறது. பழுது கம்பியிலோ துளையிலோ இருக்க, நல்ல நிலையிலிருந்த கணக்கு அழிக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே, இவ்விஷயத்தைச் சற்று ஒழுங்காகவே ஆராய்வோம்.

யு.எஸ்.பி. என்பது யாது?

முன்னர் அச்சு இயந்திரத்திற்கு ஒரு துளை, விசைப்பலகைக்கு ஒரு துளை, சுட்டிக்கு ஒரு துளை என்று கணினியின் முதுகில் பலவகைத் துளைகள் இருந்தன. இவற்றையெல்லாம் ஒரே வகையாக்கும் பொருட்டு ஏழு கம்பெனிகள் கூடி 1996 ஆம் ஆண்டில் வகுத்த பொது முறையே யு.எஸ்.பி. என்பது. இன்டெல் கம்பெனியில் இம்முறையை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர், பரோடாவில் பொறியியல் பயின்ற அஜய் பட் என்னும் இந்தியர். இரண்டாம் பதிப்பு 2000 ஆம் ஆண்டிலும், மூன்றாம் பதிப்பு 2008 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

இரண்டாம் பதிப்புக் கேபிளில் நான்கு கம்பிகள் உள்ளன. இரண்டு மின்சாரத்தைக் கொண்டு செல்வன. மற்றை இரண்டு செய்தியைக் கொண்டு செல்வன. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிச் சங்கடம் தீரும். ஏனெனில், டிஸ்க் தெரியவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். மின்சாரம் போதவில்லை, அல்லது செய்தி போய்ச் சேரவில்லை, அல்லது செய்தி சேர்ந்தும் கணினி அதைப் புரிந்துகொள்ளவில்லை. இந்த வரிசையிலேயே சோதித்தல் வேண்டும்.

முதற் சோதனை: மின்சாரம்

இரண்டாம் பதிப்புத் துளை 5 வோல்ட் அழுத்தத்தில் 500 மில்லியாம்பியர் மின்னோட்டமே தரக் கடமைப்பட்டது. மூன்றாம் பதிப்புத் துளை 900 மில்லியாம்பியர் வரை தரும். மூன்றாம் பதிப்புத் துளையின் உட்பகுதி பெரும்பாலும் நீல நிறமாக இருக்கும். சுழலும் தட்டுள்ள ஹார்டு டிஸ்க் ஓட்டம் எடுக்கும் கணத்தில் மிகுந்த மின்சாரம் கேட்கும். மின்சாரம் போதாதபோது விளக்கு மட்டும் எரியும். தட்டு சுழலத் தொடங்கி உடனே நின்றுவிடும். அல்லது டிஸ்க் திரையில் தோன்றித் தோன்றி மறையும்.

அவ்வாறாயின், ஒரு துளையைப் பல துளைகளாக்கும் இணைப்புப் பெட்டியை நீக்கிவிட்டு, டிஸ்கை மடிக்கணினியிலேயே நேராகச் சொருகவேண்டும். மடிக்கணினியை மின் இணைப்போடு வைத்தல் நலம். நீண்ட கேபிளை விடுத்துக் குட்டையான கேபிளைப் பயன்படுத்தவேண்டும். மூன்றரை அங்குலப் பெரிய டிஸ்குகளுக்கு 12 வோல்ட் மின்சாரம் தனியே வேண்டும். அவற்றோடு வந்த அடாப்டரைச் சுவரில் சொருகாமல் அவை இயங்கா. பார்வைக்கு ஒத்திருக்கிறதே என்று வேறு சாதனத்தின் அடாப்டரைச் சொருகுவது டிஸ்கையே எரித்துவிடக்கூடும்.

இரண்டாவது சோதனை: கேபிளும் துளையும்

கைபேசிக்கு மின்னேற்றம் செய்ய வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பிகள் இரண்டு மட்டுமே உண்டு. செய்திக் கம்பிகள் இல்லை. அத்தகைய கேபிளில் டிஸ்கின் விளக்கு எரியும். கணினியோ அதை அறியவே அறியாது. ஆகவே டிஸ்கோடு வந்த கேபிளுக்கு ஒரு துணி நாடாவைக் கட்டித் தனியே வைத்திருப்பது நல்ல வழக்கம். அகன்று தட்டையாக இருக்கும் டிஸ்க் முனைச் சொருகி எளிதில் தளர்ந்துவிடுவது. வேறு கேபிளை மாற்றிப் பார்ப்பதே கேபிள் பழுதை அறிவதற்கு உறுதியான வழி.

நிற்க, நெசவாளர் சங்கங்களில் மற்றொரு காரணமும் உண்டு. தறி ஓடும் இடத்தில் பஞ்சுத் தூசு பறக்கிறது. அது துளைக்குள் படிந்து இறுகி, சொருகி முழுவதும் உள்ளே போகாமல் தடுக்கிறது. மடிக்கணினியை முற்றிலும் நிறுத்தி, மின் இணைப்பை எடுத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசை வெளியே தள்ளவேண்டும். ஊசி, குண்டூசி முதலிய உலோகப் பொருளை உள்ளே விடலாகாது. நீரும் எண்ணெயும் ஆகா.

இவ்வளவும் செய்தும் பயனில்லையெனின், டிஸ்கை வேறொரு கணினியில் சொருகிப் பார்க்கவேண்டும். அங்கே தெரிந்தால் குற்றம் நம் மடிக்கணினியினுடையது. அங்கும் தெரியாவிட்டால் குற்றம் கேபிளினுடையது அல்லது டிஸ்கினுடையது. அங்கே தெரிந்தவுடன் முதற் காரியமாகக் கணக்கைப் பிரதி எடுத்துவிடுக. ஆராய்ச்சியைப் பிறகு தொடரலாம்.

மூன்றாவது சோதனை: கணினியின் அறிவு

டிஸ்க் சுழல்கிறது, சொருகியவுடன் கணினி ஒலி எழுப்புகிறது, ஆனால் கோப்புகள் தெரியவில்லை என்பது அடுத்த நிலை. விண்டோஸ் கணினியாயின், விண்டோஸ் சின்னமுள்ள விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் தோன்றும். அதில் "டிஸ்க் மேனேஜ்மெண்ட்" என்பதைத் திறந்தால், கணினி அறிந்துள்ள எல்லா டிஸ்குகளும் வரிசையாகக் காணப்படும். அங்கே நம் டிஸ்க் எவ்விதம் காட்சியளிக்கிறது என்பதைப் பொறுத்துச் செய்யவேண்டியது வேறுபடும்.

டிஸ்கின் பகுதி நல்ல நிலையில் இருப்பதாகக் காட்டி, அதற்குரிய எழுத்து மட்டும் இல்லாமல் இருக்கலாம். சி, டி, ஈ என்று கணினி ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்துத் தருகிறது. அலுவலக வலைப்பின்னலில் உள்ள வேறொரு பகுதிக்கு அதே எழுத்து ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தால் நம் டிஸ்க் மறைந்து நிற்கும். அப்பகுதியின் மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, எழுத்து மாற்றும் கட்டளையைத் தேர்ந்து, பயன்படாத ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். இதனால் கணக்கிற்கு யாதொரு சேதமும் இல்லை.

டிஸ்க் "ரா" என்றோ, பகிர்ந்தளிக்கப்படாத வெற்றிடம் என்றோ, தொடங்கி வைக்கப்படாதது என்றோ காட்டப்பட்டால், அங்கேயே நிறுத்திவிடவேண்டும். "இதைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்யவேண்டும், செய்யலாமா?" என்று கணினி கேட்கும். அக்கேள்விக்கு "வேண்டாம்" என்பதே விடை. டிஸ்கின் அட்டவணை சிதைந்திருக்கிறதேயன்றி உள்ளிருக்கும் கணக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கும். பேரேட்டின் பொருளடக்கத் தாள் கிழிந்ததற்காகப் பேரேட்டையே எவரும் அடுப்பில் இடுவதில்லையன்றோ? ஆப்பிள் கணினியில் தயாரான டிஸ்கையும் விண்டோஸ் படிக்க அறியாது. சில சமயம் இதே கேள்வியைக் கேட்கும். வடிவமைப்பாளரிடமிருந்து வந்த டிஸ்காயின் முதலில் அவரையே கேட்டறிதல் நலம்.

டிஸ்க் மேனேஜ்மெண்டிலும் டிஸ்க் தெரியாவிடில், அதே பட்டியலில் உள்ள "டிவைஸ் மேனேஜர்" என்பதைப் பார்க்கவேண்டும். மஞ்சள் நிற ஆச்சரியக்குறி இட்ட சாதனம் இருந்தால், அதன் மீது வலப் பொத்தானை அழுத்தி "அன்இன்ஸ்டால்" செய்து, டிஸ்கைக் கழற்றி, கணினியை மறுபடி தொடங்கிச் சொருகுக. இது கணினியிலுள்ள இயக்கு நிரலைப் புதுப்பிக்குமேயல்லாது டிஸ்கிலுள்ளதை அழிக்காது. சிறிது நேரம் வேலை செய்து பின் டிஸ்க் மறைந்துபோகுமாயின், மின்சாரச் சிக்கனத்திற்காகக் கணினியே துளையை அணைத்துவிடுகிறது என்று ஐயுறலாம். டிவைஸ் மேனேஜரில் "யு.எஸ்.பி. ரூட் ஹப்" என்பதன் மின்சாரப் பகுதியில் அதற்கான குறியீட்டை நீக்கிவிடலாம்.

கோப்புகள் குறுவழிகளாக மாறினால்

பல கணினிகளில் சொருகப்பட்டு வரும் பென் டிரைவில் கோப்புகள் காணாமற்போய், அவற்றின் பெயரில் சிறு அம்புக்குறி இட்ட குறுவழிகள் தோன்றுவதுண்டு. இது வைரஸின் வேலை. உண்மைக் கோப்புகள் மறைத்துவைக்கப்பட்டிருக்கின்றன. குறுவழியைத் திறந்தால் வைரஸ் நம் மடிக்கணினிக்கும் பரவும். ஆகவே எதையும் திறவாமல், விண்டோஸிலுள்ள பாதுகாப்பு நிரலைக் கொண்டு பென் டிரைவைச் சோதித்துச் சுத்தம் செய்து, பின்னர் மறைந்த கோப்புகளைக் காட்டும் ஏற்பாட்டை இயக்கிப் பார்க்கவேண்டும்.

மின்னணு ஜக்கார்டு வைத்துள்ள நெசவாளர்களுக்கு ஒரு சொல். கரையின் வடிவத்தைப் பென் டிரைவில் ஏற்றி ஜக்கார்டில் சொருகும்போது, கணினியில் தெரிந்த டிரைவ் அங்கே தெரியாமல் போகலாம். ஜக்கார்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுள் சில, ஃபேட் 32 என்னும் பழைய அமைப்பில் உள்ள டிரைவையே படிக்கும். வடிவங்களை வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொண்ட பின்னரே அந்த டிரைவை ஃபேட் 32 அமைப்பில் ஃபார்மட் செய்யவேண்டும். இவ்வமைப்பில் 4 ஜிகாபைட்டை எட்டும் தனிக் கோப்பை ஏற்ற இயலாது என்பதையும் அறிக.

ஒலியைக் கேளுங்கள்

ஓடும் தறியின் ஓசையிலிருந்தே அதன் குறையை அறிபவர்கள் நம் அங்கத்தினர்கள். ஹார்டு டிஸ்கும் அவ்விதமே. சீரான மெல்லிய இரைச்சல் இயல்பானது. "டிக், டிக்" என்று ஒரே அளவில் திரும்பத் திரும்ப ஒலித்தாலோ, உராயும் ஒலி கேட்டாலோ, உள்ளே படிக்கும் தலை பழுதுற்றது என்று கொள்ளவேண்டும். உடனே டிஸ்கை நிறுத்திவிடுக. மீண்டும் மீண்டும் சொருகும் ஒவ்வொரு தடவையும் தட்டில் கீறல் விழ இடமுண்டு. பழுது நீக்கும் நிரல்களை இந்நிலையில் ஓட்டலாகாது. தட்டிப் பார்ப்பதும், குளிர்ப்பெட்டியில் வைத்து எடுப்பதும் கேட்டில் முடியும். குளிர்ந்த டிஸ்கினுள் ஈரம் படியும். டிஸ்கின் மூடியைத் திறப்பது கூடவே கூடாது. ஒரு தூசு போதும் தட்டைக் கெடுக்க. கணக்கு மிக அவசியமானால், தூசற்ற அறை வைத்துக் கணக்கு மீட்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் கொடுக்கவேண்டும். அதற்குச் செலவு அதிகம். பயனும் நிச்சயமன்று.

சங்கம் செய்யவேண்டிய ஏற்பாடு

ஆகவே, பழுது நேர்ந்த பின் ஆராய்வதிலும், நேருமுன் காப்பதே அறிவுடைமை. எழுதிக்கொண்டிருக்கும்போது டிஸ்கைப் பிடுங்கலாகாது. பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்து, கணினி இசைவு தந்த பின்னரே எடுக்கவேண்டும். சுழலும் டிஸ்கை நகர்த்தக்கூடாது. பென் டிரைவைக் கணக்கை எடுத்துச் செல்லும் பையாகக் கொள்ளலாமேயன்றி, ஆண்டுக்கணக்கில் சேமித்துவைக்கும் பெட்டகமாகக் கொள்ளலாகாது. மின்சாரமின்றி நெடுநாள் கிடந்தால் அதிலுள்ள செய்தி மங்கிப்போகக்கூடும்.

யாவற்றிலும் முக்கியமானது பிரதி. கணக்கு மூன்று இடங்களில் இருக்கவேண்டும். அவற்றுள் இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களாக இருக்கவேண்டும். ஒன்றேனும் சங்கக் கட்டடத்திற்கு வெளியே இருக்கவேண்டும். வெள்ளமும் தீயும் ஒரே அறையில் உள்ள இரண்டு டிஸ்குகளை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. பிரதி எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒரு முறை அதைத் திறந்து, ஏதேனும் ஓர் அங்கத்தினரின் கணக்கு சரியாகத் தெரிகிறதா என்று சோதித்து, சோதித்த தேதியைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடவேண்டும்.

இரண்டாவது டிஸ்க் வாங்கும் செலவை வீண் செலவு என்று சில நிர்வாகிகள் கருதலாம். வயது முதிர்ந்த ஒரு நெசவாளர் தம் சிக்கன நிதியைக் கேட்டு வரும்போது, "டிஸ்க் கெட்டுவிட்டது, உங்கள் கணக்கு அகப்படவில்லை" என்று சொல்ல எந்தக் காரியதரிசிக்கு வாய் வரும்? அப்பணம் அவருடைய உழைப்பு. அதன் சாட்சி நம் கையிலுள்ள கணக்கு. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, பிரதி எடுக்கும் பொறுப்பை இன்னார் வகிப்பது என்று தீர்மானிக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம். அங்கத்தினர்களும் மகாசபையில் எழுந்து, "எங்கள் கணக்கின் பிரதி எங்கே இருக்கிறது? கடைசியாக என்று சோதித்தீர்கள்?" என்று கேட்கத் தயங்கவேண்டியதில்லை. அது அவர்களுடைய உரிமை.