பனிக்கு அடியிலிருந்து வரும் துடிப்பு

2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்டின் காவல் முகாம் மீது பனிச்சுவர் இடிந்து 10 வீரர்கள் புதைந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அதை நினைத்து, பனியில் புதைந்தவரைத் தேட நாள்கணக்கில் அவகாசம் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. சுவிட்சர்லாந்தில் 1981 முதல் 2020 வரை நடந்த விபத்துகளை ஆராய்ந்தபோது, 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்திருந்தார்கள். அரை மணி நேரமாகிவிட்டால் மூவரில் ஒருவர் தேறுவதே அரிது. ஹெலிகாப்டர் வரும்வரை மூச்சு தாங்காது. உடன் வந்தவர்தான் காப்பாற்றியாக வேண்டும்.

அதற்கென்றே உள்ள கருவி டிரான்சீவர். கைபேசி அளவுதான் இருக்கும். ஆல்ப்ஸில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் அதை மேல்சட்டைக்கு உள்ளே, உடம்போடு வார் போட்டுக் கட்டிக்கொள்கிறார்கள். ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை அது 457 கிலோஹெர்ட்ஸில் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்த நிறுவனத்தின் கருவியானாலும் அலைவரிசை அதுதான்.

பனி சரிந்து நின்றதும், தப்பியவர்கள் எல்லோரும் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் அவருடைய துடிப்பே மற்றவர்களைத் திசைதிருப்பிவிடும். சிக்னல் கிடைத்தால் திரையில் அம்புக்குறியும் தூரமும் தெரியும். ஆனால் அம்பு நேராக அழைத்துப் போகாது. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வளைந்து நிற்குமே, அந்தக் கோடுகளைப் போன்ற பாதையில்தான் நடக்க வேண்டும். சுமார் 3 மீட்டருக்குள் வந்ததும் மண்டியிட்டு, கருவியைத் திருப்பாமல், பனியை ஒட்டியே முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் நகர்த்த வேண்டும். எண் மிகக் குறைவாகக் காட்டும் இடத்தில் நீண்ட மடக்குக் கோலை இறக்கி, 25 செ.மீ. இடைவெளியில் சுற்றிச் சுற்றிக் குத்திப் பார்ப்பார்கள். உடம்பில் தட்டுப்பட்டால் கோலை உருவுவதில்லை. அதை அடையாளமாக விட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்டுவார்கள். நேரத்தை அதிகம் விழுங்குவது இந்தத் தோண்டல்தான். சரிந்து நின்ற பனி கெட்டியாக இறுகிவிடும், கையால் பறிக்கவே முடியாது. உலோக மண்வாரி இல்லாமல் டிரான்சீவர் மட்டும் கட்டிக்கொண்டு கிளம்புவது வீண்.

பாறையிலும் மரத்திலும் மோதிச் சாகிறவர்களை இந்தக் கருவி காப்பாற்றாது. உயிர்ச்சேதம் ஏற்படும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றை அதில் சிக்கியவரோ அவருடைய கூட்டாளியோதான் கிளப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான் அது நடக்கிறது. வேறு வழியே இல்லாமல் அப்படியொரு சரிவைக் கடக்க நேர்ந்தால், அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொருவராகத்தான் போகிறார்கள். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று, போகிறவரிடமிருந்து கண்ணை எடுப்பதில்லை. பனி அவரை அடித்துக்கொண்டு போனால், கடைசியாக அவர் தெரிந்த இடத்துக்குக் கீழேதான் தேடலைத் தொடங்க வேண்டும்.