‘கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டே!’

எலும்பும் தோலுமாக இருந்த பெண், ஆறு மாத சிகிச்சைக்குப் பிறகு மெல்லத் தேறி வருகிறாள். கல்யாண வீட்டில் அத்தை கன்னத்தைக் கிள்ளி, “இப்பத்தான்டி லட்சணமா இருக்கே, பூசினாப்ல ஆயிட்டே” என்கிறார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அவள் காதில் விழுந்தது ‘குண்டாகிவிட்டாய்’ என்று. பந்தியில் இலையைத் தொடாமலே மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

அனோரெக்ஸியா, புலிமியா போன்ற உண்ணுதல் கோளாறுகள் பணக்கார வீட்டு நோய் என்று பலர் நினைக்கிறார்கள். நம் வீடுகளில் அது வேறு பெயரில் ஒளிந்திருக்கும்: ‘விரதம்’, ‘அல்சர்’, ‘காலேஜிலேயே சாப்பிட்டேன்’. டிபன் பாக்ஸ் கழுவித் துடைத்து வரும். தயிர்சாதம் போன இடம் தெரியாது. சாப்பிட்ட கையோடு பாத்ரூம் போனால் உள்ளே குழாய் மட்டும் திறந்தே கிடக்கும்.

‘திமிர், நாலு அறை விட்டா சரியாயிடும்’ என்பவர்களுக்கு ஒரு தகவல். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைவயிற்றுப் பட்டினியில் வைத்துப் பார்த்தார். சமையல் புத்தகங்களை விடாமல் படித்தார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் அளைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள். வயிறார உண்ணத் தொடங்கிய பின்னும் பலருக்குச் சாப்பாட்டுப் பழக்கம் சீராக மாதங்கள் ஆயின. நாம் பிடிவாதம் என்று திட்டுவதில் பாதி, பட்டினி செய்யும் வேலை.

அடிக்கடி வாந்தியெடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். ஒல்லியானவர்களுக்கு மட்டும் வரும் ஆபத்து இல்லை இது. மாதவிலக்கு நின்றுபோனால் எலும்பும் தேயும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: நாள்கணக்கில் பட்டினி கிடந்தவளுக்கு ‘உடம்பு தேறட்டும்’ என்று ஆட்டுக்கால் சூப்பும் நெய்ச்சோறுமாகத் திடீரென்று ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லும் அளவில்தான் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும்.

வளரிளம் பெண்களுக்கு நல்ல பலன் தருவது லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை. என்ன, எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் கொஞ்ச காலம் பெற்றோர் முடிவு செய்கிறார்கள்; வேளாவேளைக்கு ஒருவர் கூட உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார்; பிறகு அந்தப் பொறுப்பு படிப்படியாக அவளிடமே திரும்புகிறது. இதில் பெரும்பாலும் எடை முதலில் ஏறும், பயம் கடைசியில்தான் போகும். எடை ஏறியதும் சிகிச்சையை நிறுத்துகிற குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான்.

செலவுக்குப் பயந்து நிறுத்துபவர்களும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்கவும் அதில் இடமுண்டு. வரன் பேசும் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று நடுங்க வேண்டாம். உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது பிரிவு 21(4). கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி 30 நாளில் தீராவிட்டால் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை. எங்கே தொடங்குவது என்றே புரியாவிட்டால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்றால் மட்டும் போனில் நேரம் கடத்தாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அத்தைமார்களே, அடுத்த விசேஷத்தில் அவளைப் பார்த்தால் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். படிப்பு எப்படிப் போகிறது என்று கேளுங்கள். பந்தியில் பக்கத்து இலையில் உட்காருங்கள்.