ஜெபமும் கணக்குப் புத்தகமும்



ஜெபத்தில் ஆழ்ந்து போகிறவர்களுக்கு உலகக் காரியம் ஓடாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆஸ்பத்திரி ஊழியத்தில் உள்ளவர்களுக்கோ வேறொரு கவலை: வார்டு வேலை ஜெப நேரத்தை விழுங்கிவிடுகிறதே! இந்த இரண்டுக்கும் பதிலாக நிற்கிறது ஒரு பெண்மணியின் வாழ்க்கை. அவர் இத்தாலி தேசத்து ஜெனோவா பட்டணத்தின் புனித கத்தரீன்.

1447-ல் பிரபுக் குடும்பத்தில் பிறந்த அவரை, 16-ஆம் வயதில் ஜூலியானோ அதோர்னோ என்பவருக்கு மணமுடித்தார்கள். கணவர் ஊதாரி, மனைவிக்கு உண்மையாயிருக்கவுமில்லை. பத்து வருஷம் கண்ணீரில் கழிந்தது. 1473-ல் பாவசங்கீர்த்தனம் செய்ய முழங்காற்படியிட்டபோது, தேவ அன்பு அவர் இருதயத்தை ஊடுருவிற்று. தம் பாவத்தையும் தேவனுடைய இரக்கத்தையும் ஒருமிக்கக் கண்டார்.

அதன்பின் அவர் கன்னியர் மடத்துக்குப் போகவில்லை. ஏழை நோயாளிகளிடம் போனார். சொத்தை இழந்த கணவரும் மனந்திரும்ப, 1479 முதல் இருவரும் பம்மத்தோனே ஆஸ்பத்திரியிலேயே தங்கி, சம்பளமின்றிச் சேவை செய்தார்கள். 1490 முதல் 1496 வரை அதன் நிர்வாகப் பொறுப்பு கத்தரீனிடம் இருந்தது.

1493-ல் கொள்ளைநோய் வந்தது. வசதியுள்ளவர்கள் பட்டணத்தை விட்டு ஓடினார்கள்; அவர் ஓடவில்லை. மரணத் தறுவாயில் இயேசுவின் நாமத்தைச் சொல்ல நாவெழாமல் தவித்த ஒரு பெண்ணை அவர் முத்தமிட்டார் என்றும், அதனால் நோய் தொற்றி மரணத்தின் விளிம்புவரை போய்ப் பிழைத்தார் என்றும் அவருடைய பழைய சரித்திரம் சொல்லுகிறது. சுகமானதும் மறுபடியும் நோயாளிகளிடமே திரும்பினார்.

மணிக்கணக்காய் ஜெபத்தில் தம்மை மறந்திருப்பாராம். வேலைக்கு அழைப்பு வந்தாலோ உடனே எழுந்துவிடுவாராம். அவர் கையாண்ட பெருந்தொகைகளின் கணக்கில் ஒரு காசும் குறைந்ததில்லை என்பதையும் அதே சரித்திரம் சாட்சியிடுகிறது.

1510-ல் அவர் மரித்தபின், சீடர்கள் தொகுத்த போதனைகள் 1551-ல் அச்சேறின. அவற்றுள் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றியது பெயர் பெற்றது. அந்த உபதேசத்தை நம் சபைகள் எல்லாம் ஏற்பதில்லை. ஆயினும் அதன் உட்கருத்து யாவருக்கும் உரியது: சுத்திகரிக்கும் அக்கினி தேவனுடைய அன்பேயன்றி வேறல்ல. ஆத்துமாவின் துரு கரையக் கரைய, அவருடைய ஒளி உள்ளே புகுகிறது. ஆகையால் அந்த வேதனையோடு சந்தோஷமும் பெருகுகிறது.

கத்தரீனுக்கு அந்தத் துரு கரைந்த இடம் ஆலயம் மட்டுமல்ல. நாறும் புண்ணைக் கழுவிய வார்டும், காசு காசாய் எழுதிய கணக்குப் புத்தகமுந்தான். அருவருப்பும் சுயநலமும் அங்கேதான் அவரை விட்டு நீங்கின.

பிரியமானவர்களே, நடுராத்திரியில் படுக்கை விரிப்பை மாற்றும் நர்ஸையும், நீங்கள் அனுப்பும் காணிக்கையை வரவு வைக்கும் குமாஸ்தாவையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் செய்வதும் ஜெபமாகும்படி ஆண்டவர் கிருபை செய்வாராக. உங்கள் ஈகையும் அப்படியே ஆகட்டும். ஆமென்.