சீட்டுக் குலுக்கிய கட்சிகள்: 'பாய்ஸ் ஸ்டேட்' பார்த்தபின்

போன வாரம் 'பாய்ஸ் ஸ்டேட்' ஆவணப்படத்தைப் பார்த்தேன். ஜெஸ்ஸி மாஸ், அமாண்டா மெக்பெய்ன் என்ற தம்பதி எடுத்தது. 2020-ல் சன்டான்ஸ் விழாவில் அமெரிக்க ஆவணப்படங்களுக்கான பெரும்பரிசு வாங்கியது. பார்த்து நாலு நாளாகியும் மண்டையை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 'அமெரிக்கன் லீஜன்' என்ற முன்னாள் படைவீரர் சங்கம் 1935 முதல் நடத்திவரும் முகாம் இது. பள்ளிப் பையன்கள் ஒரு வாரம் கூடி, கட்சி கட்டி, பிரசாரம் செய்து, ஓட்டுப் போட்டு, ஒரு கவர்னரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பில் கிளின்டன், டிக் செனி எல்லாம் பையன்களாக இருந்தபோது இதில் கலந்துகொண்டவர்கள். டெக்சாஸ் முகாமில் 2017-ல் பையன்கள் அமெரிக்காவை விட்டே பிரிந்து போவதென்று ஓட்டுப் போட்டுச் செய்தியானார்கள். அடுத்த வருஷம் அதே முகாமுக்குக் கேமராவோடு போய் எடுத்த படம்தான் இது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது கட்சி பிரிக்கும் விதம். யாருக்கு என்ன கொள்கை என்று கேட்பதே இல்லை. சீட்டுக் குலுக்குகிற மாதிரி பாதிப்பேர் ஃபெடரலிஸ்ட், மீதிப்பேர் நேஷனலிஸ்ட். கொள்கை அறிக்கையும் காலி. அவர்களே எழுதிக்கொள்ளணும். அதாவது இரண்டு கட்சிக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது. மென்பொருள்காரனுக்கு இது கிட்டத்தட்ட ஒரு சோதனைக்கூடம். ஆனால் சில நாட்களிலேயே எதிர்க்கட்சி என்றால் எரிச்சல், கோஷம், கிண்டல். 1954-ல் முசாஃபர் ஷெரீஃப் ஓக்லஹோமாவில் 22 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு ஞாபகம் வந்தது. அங்கேயும் போட்டி என்று ஒன்றை வைத்ததுமே ஒருத்தர் கொடியை இன்னொருத்தர் எரித்தார்கள்.

படத்தில் ராபர்ட் என்றொரு பையன். கருக்கலைப்பு பற்றி மேடையில் ஒன்று பேசுகிறான். பிறகு கேமராவிடம், தன் சொந்தக் கருத்து நேர் எதிர் என்கிறான். கூட்டம் எதைக் கேட்க விரும்புகிறதோ அதைக் கொடுத்தானாம். பதினேழு வயசு! ஸ்டீவன் கார்சா என்ற கூச்சக்காரப் பையன், மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பம், ஒவ்வொருத்தராகப் போய் 'உனக்கு எது முக்கியம்' என்று கேட்டே கவர்னர் வேட்பாளராகிவிடுகிறான். அவனுக்கு எதிரணியின் தலைவன் பென். நோயில் இரண்டு கால்களையும் இழந்தவன், அசாத்திய மூளை. துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு நடந்த மாணவர் ஊர்வலத்தில் ஸ்டீவனுக்குப் பங்கு உண்டு என்று இந்த அணி கண்டுபிடித்துப் பரப்புகிறது. துப்பாக்கியை விரும்பும் கூட்டத்தில் அது போதும். ஸ்டீவன் தோற்கிறான்.

இங்கேதான் எனக்குச் சங்கடம். அதுவரை நான் பென்னை ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லையே என்று மனசு வாதாடியது. அந்த வாதம் எனக்குப் பழக்கமானது.

பி.ஈ. மூன்றாம் வருஷம். விடுதியில் மெஸ் செயலாளர் தேர்தல். எங்கள் அறைக்காரன் ஒருத்தன் நின்றான். எதிர்த்து நின்றவன் ஜூனியர் பையன்களுக்காக வார்டனிடம் ராகிங் பற்றி மனு கொடுத்தவன். ராத்திரி உட்கார்ந்து நோட்டீஸ் எழுதியது நான். 'வார்டனிடம் மனு கொடுத்தவர் யார்?' என்று ஒரே வரி. ஜெராக்ஸ் போட்டுக் கதவுக் கதவாகச் சொருகினோம். பொய் ஒரு சொல்கூட இல்லை. எங்க ஆள் ஜெயித்தான். அந்த ஜூனியர்களிலேயே பாதிப்பேர் பயந்து எங்களுக்குத்தான் போட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. கொண்டாட பரோட்டா சாப்பிடப் போனோம். எனக்கு ஒரே பாராட்டு. அதன்பிறகு நான் படித்து முடிக்கும்வரை அந்த விடுதியில் யாரும் மனு எழுதவில்லை.

படம் பார்க்கும்போது பிளஸ் ஒன் படிக்கும் என் பையனும் கூட இருந்தான். முடிந்ததும், "பென்தான்ப்பா செம" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வண்டியில் போகும்போது நோட்டீஸ் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவன், "அந்த அங்கிள் கிட்ட அதுக்கப்புறம் பேசினியாப்பா?" என்று கேட்டான்.

பேசவில்லை. ஒரே மெஸ்ஸில் இன்னும் ஒன்றரை வருஷம் சாப்பிட்டோம்.