மண்மேட்டில் மறைந்த ஊர்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் மண்கோட்டை பூங்காவாகிப் பிழைத்துக்கொண்டது. அங்கே குடியிருந்தவர்கள்?

பார்த்தால் கோட்டை என்றே தோன்றாது. கருங்கல் மதில் இல்லை, கோபுரம் இல்லை. புல் மூடிய மண்மேடு, அதையொட்டி அகழி, ஒரு மூலையில் வரிசையாகப் பீரங்கிகள். செஞ்சியையும் கோல்கொண்டாவையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்ஸாண்ட்ரியா நகரிலுள்ள இந்த வார்டு கோட்டை, ஒரு காலத்தில் அமெரிக்கத் தலைநகரின் கவசம்.

1861 ஜூலை 21. புல் ரன் போரில் வடக்குப் படை தோற்றுத் திரும்பியபோது வாஷிங்டன் வெலவெலத்துப் போனது. பொட்டோமாக் நதிக்கு அக்கரையிலேயே எதிரியின் மாநிலம். பொறியாளர் ஜான் பர்னார்டின் மேற்பார்வையில் அவசர அவசரமாகக் கோட்டைகள் எழும்பின. போர் முடிந்த 1865க்குள் 37 மைல் வளையத்தில் 68 கோட்டைகள்! மண் வெட்டிச் சுமந்தவர்களில் சிப்பாய்களோடு, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பர்களும் உண்டு.

ஏன் மண்? அவசரமும் சிக்கனமும் மட்டும் காரணமல்ல. 1862 ஏப்ரலில் ஜார்ஜியாவில் புலாஸ்கி கோட்டையின் செங்கல் மதிலைப் புதுரகப் பீரங்கிகள் சுமார் 30 மணி நேரத்தில் துளைத்துவிட்டன. செங்கல் சிதறும், மண்ணோ குண்டை விழுங்கிக்கொள்ளும். சேதமானால் மண்வெட்டி போதும், இரவோடிரவாகச் சரிசெய்துவிடலாம்.

போரில் உயிரிழந்த முதல் வடதரப்புக் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் ஹார்மன் வார்டின் பெயர் தாங்கிய இந்தக் கோட்டையில் 36 பீரங்கிகளுக்கு இடம் இருந்தது. ஆனால் எதிரி வரவேயில்லை. 1864 ஜூலையில் தலைநகரைத் தாக்க வந்த தெற்குப் படை, நகரின் வடக்கே ஸ்டீவன்ஸ் கோட்டையோடு திரும்பிப் போனது. அங்கே சண்டையை நேரில் பார்க்கப் போனவர் அதிபர் லிங்கன்.

போர் முடிந்ததும் பீரங்கிகள் அகற்றப்பட்டன. கைவிடப்பட்ட மேட்டைச் சுற்றி, விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்கள் குடியேறின. நிலம் வாங்கி, வீடு கட்டி, பள்ளிக்கூடம் நடத்தி, இறந்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். அந்த ஊருக்கே 'கோட்டை' என்றுதான் பெயர்.

பிறகு இன்னொரு படையெடுப்பு: 1950களில் வீட்டுமனைகள் நெருங்கின. கோட்டையைக் காப்பாற்ற நகர நிர்வாகம் நிலத்தைக் கையகப்படுத்தத் தொடங்கியது. போரின் நூற்றாண்டையொட்டி வடமேற்குக் கொத்தளம் புதுப்பிக்கப்பட்டு, 1964இல் பூங்கா திறக்கப்பட்டது. அருங்காட்சியகமும் வந்தது. மண்சுவரில் பெரும்பகுதி இன்றும் அப்படியே இருக்கிறது. மறைந்தது ஊர்தான்.

அடிமைமுறைக்கு முடிவுகட்டிய போரின் சின்னத்துக்காக, அந்த விடுதலையில் முளைத்த ஊரே காலியானது என்பதுதான் கசப்பான முரண். பல ஆண்டுகள் பூங்காவில் வார்டின் பெயர் இருந்தது, அவர்களுடைய பெயர்கள் இல்லை. வம்சாவளியினர் குரல் எழுப்பிய பிறகு, அகழ்வாய்வாளர்கள் இந்த நூற்றாண்டில் மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள். அடையாளமற்ற கல்லறைகள் வெளிப்பட்டன. இப்போது அந்த ஊரின் கதையும் பூங்காவில் சொல்லப்படுகிறது.

எதிரி ஒருநாளும் நெருங்காத கோட்டை இது. ஊரைக் காலி செய்ய வைத்தது போர் அல்ல, போரின் நினைவு.