பில் போட நம்பர் எதற்கு?

கல்லூரி சேர்க்கை முடிந்து வகுப்புகள் தொடங்கும் நாட்களில் சென்னையை அடுத்த பொத்தேரியின் கடைக்காரர்களுக்குக் கை ஓயாது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர வந்த முதலாண்டு மாணவர்கள் பெற்றோருடன் பக்கெட், தலையணை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று வாங்கிக் குவிப்பார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் எந்தப் பெரிய கடைக்குள் நுழைந்தாலும் பில் போடுமிடத்தில் முதல் கேள்வி, "மொபைல் நம்பர் சொல்லுங்க." நாமும் யோசிக்காமல் பத்து இலக்கங்களை ஒப்பித்துவிடுகிறோம்.

சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. எண் தராதவருக்குப் பொருள் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே தொழில் அமைப்புகளுக்கு அறிவுறுத்திவிட்டது.

கடைக்கு ஏன் நம் எண் மேல் இவ்வளவு ஆசை? ஒரே பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும். ஹாஸ்டலிலிருந்து பி.ஜி.க்கு மாறினால் முகவரி மாறிவிடும். எண் மட்டும் மாறுவதில்லை. வங்கி, ஆதார், யு.பி.ஐ., வாட்ஸ்ஆப் எல்லாம் அதோடுதான் பிணைந்திருக்கின்றன. கடையின் கணினியில் உங்கள் எண்ணுக்கு நேரே என்ன வாங்கினீர்கள், எப்போது, எவ்வளவுக்கு என்பது சேர்ந்துகொண்டே போகும். இப்படிச் சேர்ந்த எண்களைக் கடை நிர்வாகம் ஃபேஸ்புக், கூகுள் போன்ற விளம்பரத் தளங்களில் ஏற்ற முடியும். எண்கள் சங்கேதக் குறியீடுகளாக மாற்றப்பட்டு, அந்தத் தளத்தின் பயனர்களோடு ஒப்பிடப்படும். பொருந்தியவர்களின் திரையில் அந்தக் கடையின் விளம்பரம் வரும். அதோடு நிற்காது, அவர்களைப் போன்ற பழக்கமுள்ள, கடைப்பக்கமே வராதவர்களையும் தளம் தேடிக் கொடுக்கும். போன் நம் பேச்சை ஒட்டுக் கேட்கிறது என்று பலர் நம்புகிறார்கள். ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, நாமே சொல்லிவிடுகிறோம்.

குலுக்கல் பரிசுக் கூப்பன், கல்விக் கண்காட்சியில் நிரப்பும் படிவம், தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும் செயலி எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. தமிழ்நாட்டில் பிளஸ் 2 மாணவர்களின் விவரங்களே விலைக்கு விற்கப்படுவதாகச் சில ஆண்டுகளுக்கு முன் புகார் எழுந்தது. தேர்வு முடிவு வந்ததும் பெற்றோரின் போன் விடாமல் அடிப்பதை அனுபவித்தவர்களுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அதன் வழியில் வந்தது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். எதற்காகத் தகவல் கேட்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்லி, பொதுவாக நம் சம்மதத்தோடுதான் பெற வேண்டும் என்கிறது அது. அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும், கொடுத்தபோது இருந்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும்.

பொத்தேரிக்கு மிகவும் பொருந்துவது வேறொரு பிரிவு. 18 வயது நிரம்பாதவர் இச்சட்டப்படி குழந்தை. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் இல்லாமல் அவர்கள் தகவலைக் கையாளக் கூடாது. அவர்களைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் தடை. முதலாண்டில் சேரும்போது பலருக்கு வயது 17-தான். கடையிலோ செயலியிலோ யாராவது வயதைக் கேட்கிறார்களா? இந்தப் பிரிவை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம்.

ஆனால் சட்டம் முழு வீச்சில் இன்னும் இறங்கவில்லை. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. சட்டம் வந்து கிட்டத்தட்ட நான்காண்டு காத்திருப்பது மிக அதிகம். அதற்குள் எத்தனை முதலாண்டு மாணவர்களின் எண்கள் பட்டியலேறியிருக்கும்!

அதுவரை பில் போடும்போது "நம்பர் வேண்டாம், பில் மட்டும் கொடுங்க" என்று சொல்லுங்கள். பின்னால் வரிசை நின்றாலும் சங்கடப்பட வேண்டாம். தொல்லை அழைப்புகளைத் தடுக்க 1909-ஐ அழைத்தோ தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டி.என்.டி. செயலியிலோ பதிவு செய்யலாம். பதிவுசெய்த பிறகும் அழைப்பு வந்தால் ஏழு நாட்களுக்குள் புகார் செய்யுங்கள். 2025 பிப்ரவரிக்கு முன் மூன்று நாள்தான் அவகாசம். பதிவு செய்யாத விளம்பரதாரர் சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து அழைத்தால், நீங்கள் டி.என்.டி.யில் இல்லாவிட்டாலும் புகார் ஏற்கப்படும். அழைத்த எண், நாள், என்ன விற்கப் பார்த்தார்கள் என்பதைக் குறித்து வைத்திருந்தால் போதும்.