‘வலை 2.0’: பெயரும் பொருளும்

ஒரு பொருள் தோன்றிய பின்னரே அதற்குப் பெயர் வேண்டப்படும். இது மொழியின் இயல்பு. வாணிகத்திலோ இம்முறை சில வேளைகளில் தலைகீழாகிவிடுகிறது. பெயர் முதலில் முழங்கிக்கொண்டு வருகிறது. பொருள் யாது என்னும் ஆராய்ச்சி பின்னர் நடைபெறுகிறது. 2004ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் உலகெங்கும் பேசப்பட்ட ‘வலை 2.0’ என்பது அத்தகைய பெயர்களுள் ஒன்று. இன்று அப்பெயரை எடுத்துப் பேசுவோர் அரியர். ஆயினும் அப்பெயரால் சுட்டப்பட்டவை நம் வகுப்பறையிலும் வீட்டிலும் நிலைத்துவிட்டன. ஆதலின், அதில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை ஆசிரியர்களாகிய நாம் ஆராய்ந்தறிதல் நன்று.

வலையின் பிறப்பு

இணையம் வேறு, வலை வேறு. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் அமைப்பு இணையம். அவ்வமைப்பின் வழியே, ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குச் செல்லுமாறு ஏடுகளைத் தொடுத்து வைக்கும் முறையே வலை. செர்ன் எனப்படும் ஐரோப்பிய அணு ஆய்வுக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், 1989 மார்ச்சுத் திங்களில் இதற்கான திட்டத்தை எழுதினார். 1990இல் அவர் ஆக்கிய முதல் உலாவி, பக்கங்களைப் படிப்பதற்கு மட்டுமன்றி, எழுதுவதற்கும் திருத்துவதற்கும் உதவியது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. 1993 ஏப்ரல் 30ஆம் நாள், வலைக்குரிய மென்பொருளை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று செர்ன் அறிவித்தது.

ஆனால், பின்னர்ப் பொதுமக்களிடையே பரவிய உலாவிகள் பெரும்பாலும் படிப்பதற்கே பயன்பட்டன. எழுதுவோர் சிலர், படிப்போர் பலர் என்னும் நிலை உண்டாயிற்று.

முதல் வீக்கமும் வீழ்ச்சியும்

1995 ஆகஸ்டு 9ஆம் நாள், உலாவி செய்து வந்த நெட்ஸ்கேப் நிறுவனம் தன் பங்குகளை மக்களுக்கு விற்றது. 28 அமெரிக்க வெள்ளி என விலை குறித்த பங்கு, அன்று சந்தை மூடும்போது 58 வெள்ளியைத் தாண்டி நின்றது. அன்று தொடங்கிய மயக்கம் ஐந்தாண்டுகள் நீடித்தது. பெயரின் இறுதியில் ‘டாட் காம்’ என்னும் ஒட்டு இருந்தால் போதும், இலாபம் உண்டா இல்லையா என்று கேட்பார் இல்லை. அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு 2000 மார்ச்சு 10ஆம் நாள் 5,048 புள்ளிகளைத் தொட்டது. 2002 அக்டோபரில் அது 1,114க்கு இறங்கியது. வீட்டு விலங்குகளுக்கான பொருள்களை விற்ற பெட்ஸ் டாட் காம் நிறுவனம் 2000 பிப்ரவரியில் பங்கு வெளியிட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே கடையைக் கட்டிவிட்டது.

பெயர் வந்த வரலாறு

‘வலை 2.0’ என்னும் தொடரை டார்சி டினூச்சி என்னும் பெண்மணி 1999இலேயே ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார். எனினும் அது பரவியது 2004க்குப் பின்னரே. வீழ்ச்சிக்குத் தப்பிய நிறுவனங்களுக்குப் பொதுவான இயல்பு எது என்பதைப் பேச ஒரு மாநாடு கூட்ட வேண்டுமென்று ஓரைலி என்னும் நூல் வெளியீட்டு நிறுவனத்தார் எண்ணினர். அந்நிறுவனத்தின் டேல் டோஹர்ட்டி இப்பெயரை முன்மொழிந்தார். 2004 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் மாநாடு நடந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் நிறுவனத் தலைவர் டிம் ஓரைலி நீண்ட விளக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்.

மென்பொருள்களுக்கு 1.0, 2.0 எனப் பதிப்பெண் இடுவது வழக்கம். ஆனால் வலை ஒருவர் செய்து விற்கும் பொருளன்று. அதற்கு இரண்டாம் பதிப்பை வெளியிட்டவர் எவரும் இலர். எனவே இது மாநாட்டுக்கு இட்ட பெயரேயன்றி, அறிவியல் முறையில் அமைந்த கலைச்சொல் அன்று.

புதியது எது?

இனி, மெய்யான மாற்றங்களைக் காண்போம். பழைய முறையில், ஒரு பக்கத்தில் சிறு மாற்றம் வேண்டினும் அப்பக்கம் முழுவதும் மீண்டும் தொலைவிலுள்ள கணினியிலிருந்து வரவேண்டும். கரும்பலகையில் ஒரு கணக்கின் விடையை மாற்றுவதற்குப் பலகை முழுவதையும் அழித்து எழுதுவது போன்றது அது. புதிய முறையில், பக்கத்தினுள் இயங்கும் சிறு நிரல் பின்னணியில் சென்று வேண்டிய பகுதியை மட்டும் கொண்டுவந்து உரிய இடத்தில் வைக்கிறது. நாம் படிப்பது தடைபடுவதில்லை. 2004 ஏப்ரலில் வந்த கூகிள் அஞ்சலும், 2005 பிப்ரவரியில் வந்த கூகிள் நிலப்படமும் இம்முறையின் ஆற்றலை மக்களுக்குக் காட்டின. அதே பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் இதற்கு ‘ஏஜாக்ஸ்’ எனப் பெயரிட்டார். இதற்கு அடிப்படையான கருவியோ மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் உலாவியில் 1999 முதலே இருந்தது.

இரண்டாவது மாற்றம் அளவைப் பற்றியது. விரைவான இணைப்பும் இலக்கப் படக்கருவியும் பரவியதால், கணினிக் கலை அறியாதவரும் படத்தையும் எழுத்தையும் வலையில் ஏற்ற முடிந்தது. 2004இல் முகநூலும் பிளிக்கரும், 2005இல் யூடியூபும் தோன்றின.

பழையது எது?

பலர் கூடி ஆக்குதல் என்பது 2004இல் பிறந்ததன்று. எவரும் திருத்தக்கூடிய ‘விக்கி’ என்னும் பக்கமுறையை வார்டு கன்னிங்காம் 1995இல் அமைத்தார். விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தோன்றியது. தமிழர்க்கும் இதில் முற்பட்ட பங்கு உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர் ஊதியமின்றித் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் எவரும் படிக்குமாறு வைத்த பெருமுயற்சியாகும். ‘கூட்டறிவு’ எனப் பின்னர் மேடைகளில் புகழப்பட்டதை அவர்கள் பெயரிடாமலே செய்தனர். மக்களை மக்களோடு இணைப்பதே தொடக்கம் முதல் வலையின் நோக்கம் என்பதைப் பெர்னர்ஸ்-லீயும் 2006இல் எடுத்துக்காட்டி, இப்பெயரின் பொருளை ஐயுற்றார்.

ஆரவாரம்

ஆயினும் முழக்கம் ஓயவில்லை. 2005இல் ‘மைஸ்பேஸ்’ தளத்தை உடைய நிறுவனத்தை நியூஸ் கார்ப்பரேஷன் 58 கோடி அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. 2006 அக்டோபரில், இரண்டு வயதும் நிறையாத யூடியூபை 165 கோடி வெள்ளிக்கு வாங்குவதாகக் கூகிள் அறிவித்தது. அவ்வாண்டின் சிறந்த மனிதராக ‘நீங்கள்’ என்பதையே டைம் இதழ் தேர்ந்தது. அதே ஆண்டு மே மாதம், அயர்லாந்தின் கார்க் நகரில் ஓர் அமைப்பு ‘வலை 2.0’ என்னும் பெயரில் கூட்டம் நடத்த முற்பட்டபோது, அப்பெயர் எங்களுடையது என்று மாநாட்டு நிறுவனத்தாரின் வழக்கறிஞர் கடிதம் விடுத்தார். எல்லாரும் பங்கு கொள்ளலாம் என்று சாற்றிய பெயருக்கே வேலி கட்டப்பட்டது!

யூடியூப் வளர்ந்தது. மைஸ்பேஸ் 2011இல் ஏறத்தாழ மூன்றரைக் கோடி வெள்ளிக்கு விலைபோயிற்று.

உழைப்பு ஒருவர்க்கு, உடைமை ஒருவர்க்கு

இப்பெயருள் இருவேறு பொருள்கள் கலந்து கிடந்தன என்பதே நாம் அறியவேண்டிய முதன்மையான செய்தி. பால்மரத் தோட்டத்தை நாம் அறிவோம். மரம் வெட்டுவோர் பலர், தோட்டம் ஒருவருடையது. எனினும் வெட்டுவோருக்குக் கூலி உண்டு. இச்சேவைகளிலோ பெரும்பாலோர் எழுத்தையும் படத்தையும் கூலியின்றித் தருகின்றனர். அவற்றைக் காண வருவோருக்கு விளம்பரம் காட்டி நிறுவனம் பொருளீட்டுகிறது. இடமும் வசதியும் இலவசமாகக் கிடைப்பது மெய்யே. ஆனால் தோட்டம் விற்கப்பட்டால் குடியிருப்போர் நிலை என்னாகும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இது வெறும் அச்சமன்று. பொதுமக்கள் தாமே பக்கங்கள் அமைத்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாஹூ 1999இல் பெரும்பொருள் கொடுத்து வாங்கியது, 2009இல் மூடிவிட்டது. மைஸ்பேஸ் தளத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக மக்கள் ஏற்றிய பாடல்களும் படங்களும், கணினி மாற்றத்தின்போது அழிந்துவிட்டன என்பது 2019இல் வெளிப்பட்டது.

விக்கிப்பீடியா இதற்கு மாறான அமைப்பு. அதனை நடத்துவது இலாப நோக்கமற்ற அறக்கட்டளை. அதன் கட்டுரைகளை எவரும் படியெடுக்கலாம், வேறிடத்திலும் வைக்கலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. நாளை அத்தளம் நின்றுபோயினும், அவ்வுழைப்பைக் காக்கும் உரிமை நம் கையில் இருக்கும்.

ஆசிரியர்க்கு

மலேசியத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல வீடமைப்புக்கு விற்கப்பட்டன. அவற்றோடு பள்ளிகள் சில மூடப்பட்டன. சில இடம் பெயர்ந்தன. அப்பள்ளிகளின் பழைய வகுப்புப் படங்களும் விழாப் படங்களும் இன்று பெரும்பாலும் முன்னாள் மாணவர் முகநூலில் ஏற்றியவையாகவே கிடைக்கின்றன. நம் வரலாற்றின் ஒரு பகுதி பிறர் கிடங்கில் இருக்கிறது என்பதை உணர்தல் வேண்டும்.

ஆதலின் எந்தப் புதிய சேவை வந்தாலும் ஆசிரியர் மூன்று வினாக்களைக் கேட்பாராக. நாம் இடுவது எவருக்கு உரிமையாகிறது? வேண்டும்போது முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்ள இயலுமா? சேவை மூடப்பட்டால் நம்மிடம் எஞ்சுவது யாது? விடை தெளிவாக இல்லையெனில், சேவையைப் பயன்படுத்தலாம். ஆனால் மூலத்தை நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். மாணவர் கட்டுரைகளையும் பள்ளிப் படங்களையும் குறைந்தது இரண்டு இடங்களில் சேமித்து, படத்தில் உள்ளோர் பெயர், ஆண்டு, இடம் ஆகியவற்றை எழுதி வைத்தல் நலம்.

‘வலை 2.0’க்குப் பின்னர் ‘வலை 3’ என்று ஒரு முழக்கம் எழுந்தது. இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றிய முழக்கம் காதைத் துளைக்கிறது. ஒவ்வொன்றிலும் பயனுள்ள கருவி சிறிதேனும் உண்டு. அதனைச் சுற்றி விற்பவர் கூச்சலும் உண்டு. பதரையும் மணியையும் பிரித்துக் காட்டுவது ஆசிரியர் தொழில். அத்தொழிலை வலையிலும் செய்வோமாக.